நாற்பத்திரண்டு படிகள்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, அண்ணி வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்துவிடுகிறாள். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே, குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா? அம்மாவைக் காப்பாற்றவில்லை என்று டாக்டர் மேல் புகார் எழுதப் போவதாக அண்ணனிடம் சொன்னாயாம். வேண்டாம் கண்ணு. அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு முட்டியது என்று போனில் சொன்னேனே, அது பொய். நேற்று அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன், அதிலிருந்து அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

முப்பத்தோரு வருஷம் அந்த நூலகக் கட்டடத்தை வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக்காட்டினேன். இந்த ஐரோப்பியப் பாணியில் இடப்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தால் வலப்பக்கமும் ஒன்று இருந்தாக வேண்டும், நடுவில் கும்மட்டம், கீழே வரிசையாகத் தூண்கள், ஆள் நாற்பத்திரண்டு படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும், அப்போதுதான் தான் எத்தனை சின்னவன் என்று அவனுக்குப் புரியும் என்பேன். அம்மாவுக்கு மட்டும் ஒருநாளும் காட்டியதில்லை. கட்டிக்கிட்டவளை விட அந்தத் தூணுதான் உங்களுக்கு ஒசத்தி என்று கேலி செய்வாள். ஓய்வுபெற்ற அன்று ஆசையாகக் கூட்டிப்போனேன். மூச்சு வாங்குதுங்க, பக்கத்துக் கதவு வழியா போயிடலாமே என்றாள். அது சாமான் ஏற்றுகிற கதவு, அதுல போனா பாத்த மாதிரியே இருக்காது, மெதுவா ஏறு என்றேன். அவள் இதயத்துக்குப் படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகத் தெரியும். என் பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

பாதிப் படியில் கையை நீட்டித் தொடங்கிவிட்டேன். தூண் நேராகத் தெரிகிறதே, அது நேரில்லை, நடுவில் லேசாகப் புடைத்திருக்கும், நேராகவே செய்தால் பார்க்கிறவர்களுக்கு இடுப்பு ஒடுங்கினது போலத் தெரியும் என்று. அவளும் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. தூணின் தலையில் செதுக்கிய இலை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். எட்டுப் படி கீழே, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கண் மட்டும் மேலே பார்த்தபடி. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் ஒரு மணி நேரம் போராடினார், பாவம், வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். படி ஏறவைத்ததை அவரிடமும் நான் மறைத்துவிட்டேன்.

புகார் எழுதித்தான் தீர வேண்டுமென்றால் என் பேரை எழுது.

நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக வாழ வேண்டும். வெளியே போகும்போது உங்களில் யார் மெதுவாக நடக்கிறார்களோ, அவர்கள் நடைக்கே மற்றவரும் நடங்கள். இதைப் படித்ததும் திட்டியாவது ஒரு வரி போடு, சும்மா இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா