கூட்டுக்குள் போன மார்க் ஷீட்

விழுப்புரம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் ஆரோக்கியசெல்விக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் எட்டு லவ் பேர்ட்ஸ் கிளிகள் எங்களைவிடச் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கவரில் உன் நர்சிங் மார்க் ஷீட் இருக்கிறது. மூலையில் ‘டூப்ளிகேட்’ முத்திரையைப் பார்த்துப் பதறாதே, செல்லும் என்று கல்லூரியில் சொன்னார்கள். போனில் சொல்ல வாயெடுத்தால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைக் காட்டுகிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஒரிஜினல் கேட்ட அன்று ஃபைலை எடுத்து உன் கட்டில்மேல் வைத்தது நான். கேஸ்காரர் கூப்பிட்டார் என்று அப்படியே வெளியே போனதும் நான். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூண்டைத் திறந்துவிட்டது உன் அப்பா. உன் அறை இப்போது உன் அறை இல்லை என்பது இதற்குள் புரிந்திருக்கும். அந்த நீலப் பெட்டைக்குக் காகிதம் கண்டால் போதும், நாடா நாடாவாகக் கத்தரித்து இறகுக்குள் செருகிக்கொண்டு கூட்டுப் பெட்டிக்குள் போய்விடும். நாங்கள் பார்த்தபோது உன் நான்காம் வருடம் முழுக்க உள்ளே போயிருந்தது. உள்ளே ஏற்கெனவே நான்கு முட்டை. ஊதா நிறக் குஞ்சு ஒன்று நம் வீட்டில் பொரிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாய் ஜோடி மாற்றி மாற்றிச் சேர்த்து, கடைசியில் கிடைத்த முட்டைகள். தன் கொள்ளுத்தாத்தா பெயர் கேட்டால் முழிக்கிற மனுஷர், அந்த ஜோடியில் இருக்கிற ஆண் பறவையின் பாட்டன் என்ன நிறம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். திண்டிவனத்தில் பறவை விற்கும் பாண்டுரங்கனிடம் அந்த ஆணை வாங்கி, காற்று படக்கூடாது என்று சட்டையைக் கழற்றிக் கூண்டுக்குப் போர்த்தி, பனியனோடு பஸ்ஸில் வந்தவர்.

பாண்டுரங்கனுக்குப் போன் போட்டால், “கூட்டுல கை வெச்சா பெட்டை முட்டையை வுட்டுடும் சார், பொரிக்கிற வரைக்கும் அந்தப் பக்கமே போவாதீங்க” என்கிறார். பொரிக்க இன்னும் பன்னிரண்டு நாள், அதுவரை காத்திருந்தால் நீ அங்கே மார்க் ஷீட் கொடுக்க வேண்டிய கெடு தப்பிவிடும். சரி, தொலைந்தது என்று எழுதிக் கொடுக்கலாம் என்று உன் அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். எங்கே தொலைத்தீர்கள் என்று ஏட்டு கேட்டதும், “தொலையல சார், வூட்லதான் கீது, மேல நாலு முட்டை கீது” என்று சொல்லிவிட்டார். “அப்போ முட்டை மேல கேஸ் போடணுமா?” என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். பொய் சொல்லவும் ஒரு படிப்பு வேண்டும், உன் அப்பா அதில் அரியர். கல்லூரியில், பதிவெண்ணும் முத்திரையும் உள்ள துண்டுகளைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் வேறு தருகிறோம் என்றார்கள்.

மறுநாள் காலை அவரே கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தார். முட்டைகளை என் முந்தானையில் வைத்தார், வெதுவெதுவென்று இருந்தன. நாடாக்களை உருவிவிட்டு, பழைய பேப்பரைக் கிழித்து அதேபோல அடுக்கி, முட்டைகளைத் திரும்ப வைத்தார். துண்டுகளை ஒட்டும்போதுதான் பார்த்தேன், மகப்பேறு பாடத்தில் எண்பத்தொன்று. எண்பத்தெட்டு என்றல்லவா சொன்னாய்? பெட்டை மூன்று மணி வரை கம்பியில் உட்கார்ந்து எங்களைத் திட்டியது, பிறகுதான் உள்ளே போனது. அதுவரை அவர் சாப்பிடவில்லை. ஆறிப்போன முட்டைக்கு உயிர் இருக்குமா தெரியாது. டார்ச் அடித்துப் பார்க்கலாமே என்றேன். “பாக்காத வரைக்கும் நாலும் உசுரோட கீதுன்னு வெச்சிக்கலாம் இல்ல” என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்தால் போனை நோண்டாமல் தூங்கு. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். கவர் கிடைத்ததும் போன் பண்ணுவாய், அப்பாதான் எடுப்பார். மார்க் ஷீட் வந்தது என்று ஆரம்பிக்காதே. முட்டை என்னாச்சுப்பா என்று முதலில் கேள்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
சவுரியம்மாள் அன்புச்செல்வன்