பிஸ்டன் உன் கட்டிலில் இருக்கிறது

பாறசாலை,
நவம்பர் 18

அன்பு மகன் அபிஜித்துக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே சுகம், அங்கே நீயும் சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும், டிசம்பரில் நீ வரும்போது உன்னிடம் எனக்கு வேலை இருக்கிறது. போனில் சொன்னால் ரேஞ்ச் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நடக்கவில்லை, அம்மாவுக்கு முட்டு வலி பரவாயில்லை.

இனி நம் யெஸ்டி பைக் விஷயம். ஆகஸ்டில் நீ லீவு முடிந்து போன இரண்டாம் நாள் ஷாஜி மாமா அதை எடுத்துக்கொண்டு கள்ளிக்காட்டுக்குப் போனதும், வழியில் எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுபோய் பெட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்ததும் உனக்குத் தெரியும். டேங்கைத் திறந்து பார்த்தேன், வெறும் பெட்ரோல், ஆயிலின் வாசனைகூட இல்லை. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்காவிட்டால் பிஸ்டன் வெந்துபோகும் என்று நம் வீட்டில் எல்லாருக்கும் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் பெட்ரோலே அடிக்கல்ல அத்தான், டேங்க் நெறஞ்சு கெடந்தது, சத்தியமாக்கும் என்று ஷாஜி சொன்னான், நான் நம்பவில்லை. வாயில் வந்ததெல்லாம் பேசினேன். வீடியோ காலில் நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், என்ன சொன்னாய் நினைவிருக்கிறதா? மாமாவுக்கு டூ ஸ்ட்ரோக் பற்றித் தெரியாதில்லையா அப்பா என்றாய். நான் மறக்கவில்லை.

அதன் பிறகு அவனை நான் வாசல் ஏற்றவில்லை. அக்டோபரில் அவன் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு வந்து அழைத்தான், நான் போகவில்லை, அம்மாவையும் விடவில்லை. இருக்கிற ஒரே அக்கா இல்லாமல் போதகர் ஜெபம் பண்ணி வீட்டைத் திறந்தார். அம்மா அன்று முழுக்க அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

வண்டியைப் பனச்சமூட்டில் மோகனன் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். சிலிண்டரக் கடஞ்சு போர் அடிச்சு புது பிஸ்டன் போடணும், கிராங்கையும் பிரிக்கணும், விட்டிட்டுப் போங்கண்ணே, மாசம் ரெண்டாவும் என்றான். நீயோ இந்த வயதில் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம் அப்பா, இரும்புக்குப் போடுங்கள், ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று வாரம் தவறாமல் சொன்னாய். குடிநீர் பம்ப் ஹவுசில் முப்பது வருடம் மோட்டார் பிரித்த கைக்கு ஒரு சிலிண்டர் எம்மாத்திரம்? நானே செய்வது என்று முடிவு செய்து கழற்றினேன். பிஸ்டன் நெடுகக் கீறல், ரிங்குகள் பள்ளத்திலேயே ஒட்டிப் போயிருந்தன. அதைக் காட்டி ஷாஜியை இன்னொரு தடவை நாணங்கெடுத்த வேண்டும் என்றே பத்திரமாக எடுத்து வைத்தேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஷாஜியின் மகள் தன்யா என் பின்னாலேயே வந்து, அழுதுகொண்டே போனை நீட்டினாள். உன் போட்டோ. நீ இங்கிருந்து போவதற்கு முந்தின நாள், தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளை பம்பில், யெஸ்டி மேல் உட்கார்ந்து டேங்க் நிறைய அடித்துவிட்டு, எல்லை தாண்டினால் லாபம் என்று எழுதி ஊருக்கே போட்டிருக்கிறாய். எனக்கு மட்டும் இதெல்லாம் பார்க்கத் தெரியாது. பாறசாலை பம்பில் நிற்பவனுக்கு நம் வண்டியைத் தெரியும், கேட்காமலே ஆயில் கலந்துதான் ஊற்றுவான். அந்தப் பக்கம் யாருக்கு என்ன தெரியும்? விலை குறைவு என்று போனாய், ஆயிலை மறந்தாய், சரி, மறதி எனக்கும் உண்டு. பழி மாமா தலையில் விழுந்தபோது உண்மையை மறைத்து, மாமாவுக்குத் தெரியாது என்றாயே, அது மறதியா எலே? இரும்புக்குப் போடச் சொன்னதும் அதற்குத்தானே?

அப்படியே ஷாஜி வீட்டுக்குப் போனேன். உள்ளே ஏற முகமில்லாமல் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவன் சொல்கிறான், அந்தப் போட்டோவ நான் அன்னைக்கே பாத்தாச்சு அத்தான், பிள்ள அவ்வளவு தூரத்துல தனியா கெடக்கான், அவன் ஏச்சு வாங்கண்டாம்னு விட்டேன் என்று. மூன்று மாதம், மக்கா. பிரதிஷ்டைக்கு அக்கா வராததையும் சேர்த்து அவன் உனக்காக விழுங்கியிருக்கிறான்.

அவன் பொறுத்தான், நான் பொறுக்க மாட்டேன். கழற்றிய எஞ்சினைத் திரும்ப நான் பூட்டப் போவதில்லை, மோகனனுக்கும் கொடுக்கப் போவதில்லை, நீ பூட்டுவாய். எல்லாச் சாமானும் உன் கட்டிலில் பரப்பி வைத்திருக்கிறேன், வண்டி ஸ்டார்ட் ஆகிற வரை உனக்குத் தரையில்தான் படுக்கை. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன், ஒரு ஸ்பேனர்கூட எடுத்துத் தரமாட்டேன். நீ கட்டப் போகிற ஜிஜாவிடமும் சொல்லியாயிற்று, அவள் சிரித்த சிரிப்பை நீயே கேட்டுக்கொள். ஆனால் வந்த அன்றே, பெட்டியைப் பிரிக்கும் முன்னால், அந்த வெந்த பிஸ்டனைக் கையில் எடுத்துக்கொண்டு ஷாஜி வீட்டுக்கு நடந்து போக வேண்டும், அதுவும் கடைத்தெரு வழியாக. அது என்னது என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல வேண்டும். அங்கே போனால் அவன் உன்னைக் கட்டிப்பிடிப்பான், எனக்குத் தெரியும். என்னையும் கேறி வாங்க அத்தான் என்று கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ச் சாயா தந்தான். ஒரே ஒரு ஏச்சு ஏசியிருந்தால் அந்தச் சாயா எனக்கு இறங்கியிருக்கும்.

ஆண்டவர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காக்கட்டும், என்னிடமிருந்து காக்கும்படி மட்டும் நான் ஜெபிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. டிக்கெட் போட்ட தேதியை அம்மாவுக்குச் சொல், எனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஷாஜியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்டு முடியாத உன் அப்பா,
ரெத்தினதாஸ்