இடது காலில் சிவப்பு

ஜனவரி 11

அன்புள்ள கொக்குக்கு,

நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நம்புவதற்கு ஆதாரம்தான் எதுவும் இல்லை.

இன்று காலை கடற்கரைச் சேற்றில் காலில் வளையம் மாட்டிய உள்ளான் பறவை ஒன்றைப் பார்த்தேன். வலது காலில் சிவப்பு, இடது காலில் பச்சை. உன் ஏரியில் நீ மாட்டி விட்டதுதானே? உன் பறவை என் கரைக்கு வருவதைக் காட்டினால் நம் இரண்டு ஆய்வையும் ஒன்றாக்கித் தருவதாக ஆய்வு மைய இயக்குநர் சொன்னாரே. கல்யாணமாகி நாலு வருஷத்தில் முதல்முறையாக ஒரே வீடு, யோசித்துப் பார்.

அத்தை நேற்று போனில், "உன் புருஷன் குருவிக்கெல்லாம் வளையம் மாட்டுறான், பொண்டாட்டிய மட்டும் பறக்க விட்டுட்டான்" என்று என்னிடமே அலுத்துக்கொண்டார். உடனே பதில் போடு.

உன் வாத்து

ஜனவரி 17

அன்பு வாத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் குதித்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைக்கும்போதுதான் நிறம் உறைத்தது. நான் மாட்டுவது இடது காலில் சிவப்பு, வலது காலில் பச்சை. நீ எழுதியிருப்பது நேர்மாறு. அது தீவில் வளையம் மாட்டும் வேறொரு குழுவின் முறை.

"என்னுடையதுதான்" என்று எழுதக் கை துறுதுறுத்தது. இயக்குநரும் நம்பியிருப்பார். ஆனால் பொய்ப் பறவையை வைத்துக் குடித்தனம் நடத்த நம் இருவராலும் முடியாது. மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. படம் ஏதாவது எடுத்தாயா?

கொக்கு

ஜனவரி 23

என் கொக்குக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஒரு மூச்சு அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். பறவை என்னைப் பார்த்து நிற்கிறது. எனக்கு வலது பக்கம் தெரிந்த சிவப்பு, அதற்கு இடது கால்.

முதலாமாண்டு மாணவர்களிடம் தொண்டை வறளக் கத்துகிறவளே நான்தான்: "பறவையோட இடது, உங்க இடது இல்ல." சந்தோஷத்தில் எனக்கே புத்தி பேதலித்துவிட்டது. படம் உள்ளே இருக்கிறது. சிரித்து முடித்ததும் இயக்குநரிடம் காட்டு.

மானம் போன வாத்து

பிப்ரவரி 2

என் வாத்துக்கு,

சந்தேகமே இல்லை, என் பறவைதான். இயக்குநர் படத்தையும் உன் கடிதத்தையும் பார்த்துவிட்டு, "இதுக்கு மேலயும் உங்களப் பிரிச்சு வெச்சா அந்தக் குருவியே என்னைத் திட்டும்பா" என்று கையெழுத்துப் போட்டார். உள்ளான்கள் அங்கே இருக்கும்வரை நானும் அங்கே. அவை ஏரிக்குத் திரும்பும்போது நாம் இருவரும் இங்கே. அம்மாவிடம் சொன்னேன். "அப்போ ரெண்டு எடத்துலயும் பாத்திரம் வாங்கணுமே" என்று அதற்கும் ஒரு கவலை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உன்னைப் பார்த்தபடிதான் இறங்குவேன். பெட்டி என் இடது கையில் இருக்கும், வலது கை உனக்காகக் காலியாக இருக்கும். எது எந்தக் கை என்று நீ குழம்பத்தான் போகிறாய். குழம்பினால் பெட்டியைக் கீழே போட்டுவிடுகிறேன், இரண்டையும் பிடித்துக்கொள்.

உன் கொக்கு