தண்ணீர் குடிக்காதவர்கள்

நவம்பர் 9

கணக்கு சார் இன்று வெங்காயம் உரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்க்க எங்கள் வகுப்பு எத்தனை நாள் காத்திருந்தது! சமையல்காரர் வேறு, "தப்பு, தப்பு, முதல்லேருந்து போடு" என்று அவருடைய குரலிலேயே சொன்னார். சார் கோபித்துக்கொள்ளவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

வெள்ளம் எங்கள் தெருவுக்குள் புகுந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்து மாடியில்தான் இருக்கிறோம், அதுவும் என் சொந்த வகுப்பறையில். நான் உட்காரும் இடத்தில் அத்தை பாய் விரித்திருக்கிறாள். அப்பாவுக்கு மூத்தவள், அவளை யார் எழுப்ப முடியும்? அப்பா, அம்மா, நான், கைக்குழந்தைத் தம்பி எல்லோரும் அவளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறோம். தம்பியை எல்லோரும் குண்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அப்பா பார்த்தால் பேட்டரிக்காகத் திட்டுவார். எழுதாவிட்டால் தண்ணீர் சுவரில் மோதும் சத்தம்தான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நவம்பர் 10

பயமாக இருக்கிறது. எழுதக்கூட முடியவில்லை.

நவம்பர் 11

இன்று எழுதிவிடுகிறேன். கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில், மேட்டில் இருக்கிறது. அங்கே போக, தண்ணீருக்குள் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். நேற்று நான் போனபோது ஒரு பெஞ்சுக் காலில் பாம்பு சுற்றிக்கொண்டிருந்தது. "தண்ணிப் பாம்புதான், ஒண்ணும் பண்ணாது" என்றார் அப்பா. சரி, அது பாம்புக்குத் தெரியுமா?

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். சாப்பிடும்போது வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. குடிக்காவிட்டால் அங்கே போகவும் வேண்டாம். உதடு வெடித்து எரிகிறது. தலை வலிக்கிறது. பாம்புக்கு இது எவ்வளவோ மேல்.

நவம்பர் 12

குண்டன் அழுதுகொண்டே இருக்கிறான். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டு பால் கொடுக்கிறாள். அறை முழுக்க ஆட்கள். யாராவது பக்கத்தில் வந்தால் சட்டென்று அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறாள். அவன் பாதியில் விட்ட கோபத்தில் இன்னும் கத்துகிறான்.

"பயத்துல பால் வத்திப்போச்சும்மா உனக்கு. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்" என்றாள் அத்தை. அம்மா குண்டனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் படகில் அரிசி, போர்வை, பிஸ்கட்டோடு பால் பவுடர் டின்களும் வந்தன. அத்தை கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு புகுந்தாள். வெளியே வரும்போது தலைக்கு மேல் ஒரு டின்! கோட்டையைப் பிடித்தவள் மாதிரி முகம். அதைத் திறப்பதற்குள், இங்கே எல்லோரையும் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அக்கா ஓடி வந்தாள்.

"அத்தை, திறக்காதீங்க."

"ஏன், இது என்ன உங்க வீட்டு டின்னா?"

"பவுடர் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. எந்தத் தண்ணியில கலக்கப் போறீங்க? புட்டியை எதுல கழுவுவீங்க? தையல் அக்கா குழந்தையை நேத்துப் படகுல தூக்கிட்டு ஓடினோமே, மறந்துட்டீங்களா?"

பக்கத்து வகுப்பறையில் இருந்த தையல் அக்கா, முன்னால் வந்த படகில் கிடைத்த பவுடரைத் தன் குழந்தைக்குக் கலக்கிக் கொடுத்தாள். வயிற்றால் போய், கண் உள்ளே போய், இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

"அப்போ எங்க பிள்ளை பட்டினி கிடக்கணுமா?"

"அடிக்கடி பால் குடிக்க விடுங்க. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். அம்மா நல்லா சாப்பிடணும், நிறையத் தண்ணி குடிக்கணும். நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். சோர்ந்து போனான்னா நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் எந்த நர்ஸ் பேச்சும் எடுபடாது" என்றாள் அத்தை. டின்னைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

குண்டனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அவன் கன்னம் இப்பவே வத்தின மாதிரி இருக்கு. ஒண்ணும் ஆகாது இல்ல? யார்கிட்ட கேக்கறது?

நவம்பர் 13

இன்று நடந்ததை எல்லாம் எழுதப் பக்கம் போதாது. சிரித்துவிடாமல் எழுத வேண்டும், போர்வை ஆடும்.

மத்தியானம் சோறும் பருப்பும். கூடவே ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அம்மா தன் டம்ளரிலிருந்து பாதியை அப்பாவுக்கு ஊற்றினாள். மீதியில் துணி நனைத்துக் குண்டனுக்கு முகம் துடைத்தாள். கடைசியில் இருந்த சொட்டில் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள். அந்த உதட்டைப் பார்த்தேன். வெடித்திருந்தது. என்னுடையது மாதிரியே.

கிட்டே போய்க் காதில் கேட்டேன். "அம்மா, உனக்கும் பாம்புன்னா பயமா?"

"பாம்பு கிடக்குது போ. அந்த வராந்தாவுல அத்தனை ஆம்பளைங்க உட்கார்ந்து சீட்டாடறாங்க. அவங்களைத் தாண்டி எத்தனை தடவைடி போறது? விடியறதுக்கு முன்னால ஒரு தடவை போயிட்டு வந்துடறேன், அது போதும். யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே."

சொல்லக்கூடாது. சொல்லாவிட்டால் சாயங்காலம் அத்தை டின்னைத் திறந்துவிடுவாள். குண்டனைப் பார்த்தேன். முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

நர்ஸ் அக்கா சமையல் நடக்கும் அறையில் இருந்தாள். பெரிய அடுப்பு 'கோ'வென்று இரைந்துகொண்டிருந்தது. காதோடு சொன்னேன், கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "சத்தமாச் சொல்லு" என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா கக்கூஸ் போகக் கூச்சப்பட்டுத் தண்ணியே குடிக்கறதில்ல!" என்று கத்தினேன். சரியாக அந்த நிமிடம் சமையல்காரர் அடுப்பை அணைத்தார்.

கணக்கு சார் கையில் கத்தி அந்தரத்தில் நின்றது. எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒரு அக்கா தலையைத் தூக்காமலே, "நானுந்தான்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், "நான் மட்டும் என்ன, டீயைக்கூட விட்டுட்டேன்" என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக. கடைசியில் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், அறையே சிரித்தது.

கணக்கு சார் கத்தியை வைத்துவிட்டு நேராக வராந்தாவுக்குப் போனார். "எல்லாரும் எந்திரிங்க. லைப்ரரிக்குப் போங்க."

"சார், ஆட்டம் பாதியில இருக்கு."

"பாதியில பாதி எவ்வளவுன்னு அன்னைக்கே உனக்குத் தெரியாது. எந்திரிடா."

எழுந்தவருக்கு என் அப்பா வயது!

அத்தை காதுக்கும் விஷயம் போய்விட்டது. அடி விழும் என்று அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் அம்மாவைப் பார்த்துத்தான் பாய்ந்தாள். "ஏன்டி, என்கிட்ட சொன்னா என்ன? நானும் நாக்கு வறண்டுதானே கிடக்கேன்!"

"நீங்களுமா அண்ணி?"

"பின்னே? எனக்கென்ன, கூச்சநாச்சம் இல்லையா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா இத்தனை நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தொடையில் ஒரு கிள்ளு. இப்போதும் எரிகிறது.

இருட்டுவதற்குள் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துப் பாலம் நெடுக பல்பு கட்டினார்கள். நர்ஸ் அக்கா அறிவியல் அறையைப் பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு என்று திறந்துவிட்டாள். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. மூலையில் எலும்புக்கூடு நிற்கிறது. "இது ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டாள் அத்தை. யாருக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதன் தலையில் ஒரு துண்டை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

பிறகு ஊர்வலம். அத்தை முன்னால், கையில் தட்டும் கரண்டியும். பின்னால் எல்லாப் பெண்களும், ஆளுக்கு ஒரு தட்டு. "வழி விடுங்க, வழி விடுங்க! பாம்பு, தவளை, ஆம்பளைங்க எல்லாரும் ஒதுங்குங்க!" பெஞ்சுகள் ஆடின. யாரோ ஒருத்தி வழுக்கி, முழங்கால் வரை நனைந்து, அதற்கும் ஒரு சிரிப்பு. நான் பாம்பைத் தேடினேன். அந்தச் சத்தத்துக்கு அது அடுத்த ஊருக்கே போயிருக்கும்.

திரும்பி வந்து அம்மா ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். நான் ஒரு செம்பு. அத்தை எத்தனை என்று கேட்கக்கூடாது.

டின்னை யாரும் திறக்கவில்லை.

நவம்பர் 14

குண்டன் இன்றும் அழுதான், ஆனால் நேற்றைப் போல் இல்லை. அம்மா அறிவியல் அறையிலேயே பாதி நாள் இருந்தாள். போகிறபோதெல்லாம் நான் தண்ணீர் கொண்டுபோகிறேன். சமையல்காரர் அம்மாவுக்கு மட்டும் பருப்பை இன்னொரு கரண்டி ஊற்றுகிறார். "இது உனக்கில்ல தாயி, உள்ள இருக்கற சின்ன முதலாளிக்கு."

அத்தை, "போனா போகுது, இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்" என்றாள்.

நவம்பர் 15

குண்டன் என் மடியை நனைத்துவிட்டான். மறுபடியும் நனைத்தான். பாவாடை மாற்றி வந்தால், மறுபடியும்! சிணுங்கிக்கொண்டு நர்ஸ் அக்காவிடம் போனேன். அவள் கை தட்டினாள். "நனைக்கட்டும்டி, நல்லா நனைக்கட்டும்! உள்ளே பால் போகுதுன்னு அர்த்தம்." காய வைத்திருக்கும் என் பாவாடைகளைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

அத்தை டின்னைத் தானாகவே சமையல் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெரியவர்கள் எல்லோருக்கும் நன்றாகக் கொதிக்கவைத்த பால் டீ. "என்னாலதான் உங்களுக்கெல்லாம் டீ" என்று அறை அறையாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

நவம்பர் 18

இங்கே வந்த அன்று நிறுத்தது போலவே, குண்டனை இன்றும் அரிசி நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்தார்கள். "எந்த உலையில போடறது?" என்றார் சமையல்காரர். தராசு எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்த கணக்கு சார், "ஏறியிருக்கான்!" என்று கத்தினார். குண்டன் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டான்.

தையல் அக்கா சாயங்காலப் படகில் திரும்பி வந்தாள். குழந்தை இளைத்திருக்கிறது, ஆனால் முழித்துப் பார்க்கிறது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் மூலையில் போய் உட்கார்ந்தாள். அம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதல்ல இதைக் குடி. குடிச்சுட்டு உள்ளே வா, தாழ்ப்பாள் இருக்கு. அப்புறம் எங்கே போகணும்னாலும் சொல்லு, நான் கூட வரேன்."

என் அம்மாவா!

தட்டுச் சத்தம் கேட்கிறது, கிளம்பிவிட்டார்கள். டார்ச்சை அணைக்கிறேன். நானும் போக வேண்டும், இன்றைக்கு நிறையவே குடித்துவிட்டேன்.