நீ காட்டிய சுரங்கம்

உறையூர்,
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டைக்குக் காவல் நின்ற என் அண்ணனுக்கு,

நீ போய் ஏழு மாசம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போய்ச் சேர்ந்தவனுக்குக் கடிதம் எழுதுகிறவளா நான் என்று வீம்பாக இருந்தேன். நேற்று நடந்ததற்கு அப்புறம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. உன்னை நினைத்து உருகி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நாலு பேர் படிக்கட்டும் என்றும் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

மலைக்கோட்டைக்குப் பின்பக்கம், பழைய தானியக் கிடங்கில் சரித்திர சங்கத்துக்காரர்கள் ஒரு மியூசியம் வைத்தார்கள். பீரங்கிக் குண்டு இரண்டு, துருப்பிடித்த வாள், உடைந்த தாழி, அவ்வளவுதான். ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காலேஜுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் புரொபசர், தன் ஊர் மியூசியத்தில் ஆட்கள் அந்தக் காலத்து ஜனங்களைப் போல உடுத்திக்கொண்டு நிற்பார்கள், வருகிறவர்களிடம் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தாலுக்கா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் தூசி தின்றுகொண்டிருந்த உனக்கு அன்றைக்குப் பிடித்தது பித்து.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய முற்றுகையை எடுத்துக்கொண்டாய். ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுக்காரன், திருச்சிக் கோட்டைக்குள் நவாபும் இங்கிலீஷ்காரனும், நடுவில் மாட்டிக்கொண்ட ஜனங்கள். அதில் நீ ஈட்டி பிடித்த காவல்காரன், நான் தண்ணீர் சுமக்கிற பெண். ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணி நேரம், சம்பளமில்லாமல். "அண்ணனும் தங்கச்சியும் கூத்துக் கட்டக் கிளம்பிட்டாங்க" என்று உன் மாப்பிள்ளை, அதுதான் என் வீட்டுக்காரர், சொல்லாத ஞாயிறு கிடையாது. மெட்ராஸிலிருந்து வந்த ஒருத்தர் உன்னை ஏற இறங்கப் பார்த்து, "வெள்ளைக்காரன் போயி பதினஞ்சு வருஷம் ஆச்சு, இன்னுமாய்யா அவனுக்குக் காவல் நிக்கிறே?" என்று கேட்டாரே, நீ சிரிக்காமல், "கூலி குடுத்தவனுக்கு நின்னேன் சாமி" என்றாயே. அன்றைக்குக் குடத்தோடு நான் சிரித்த சிரிப்பில் தண்ணீரெல்லாம் தளும்பிப்போனது.

ஆனால் உன்னோடு நின்றவளுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. என் சேலையில் ஒரு ஊக்கு குத்தவிட மாட்டாய். அந்தக் காலத்தில் ஊக்கு ஏது என்பாய். அலுமினியத்தைத் தொடாதே, மண்குடம் தூக்கு என்பாய். வேஷத்தில் இருக்கிறவரை காபி கிடையாது. உனக்கும் சலுகை இல்லை. காவல்காரனுக்குக் கண்ணாடி ஏது என்று கழற்றி வைத்துவிட்டு, எதிரில் வருவது ஆளா தூணா என்று தெரியாமல் மூன்று மணி நேரம் நிற்பாய். ஒரு தடவை பீரங்கிக்கு வணக்கம் சொன்னாய்.

எல்லாவற்றுக்கும் மேலே உன் ஒரே சட்டம். ஆதாரம் இருந்தால் சொல், இல்லையென்றால் தெரியாது என்று சொல். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான், "மலைக்கோட்டையிலேருந்து ஸ்ரீரங்கத்துக்குச் சுரங்கம் இருக்காமே, எங்க?" காவேரிக்கு அடியிலே எவன் தோண்டினான் என்று எனக்கே சிரிப்பு வரும். நீ சிரிக்க மாட்டாய். "சுரங்கத்துக்கு ஆதாரம் இல்லைங்க" என்று ஒவ்வொருத்தருக்கும் பொறுமையாகச் சொல்வாய். முகம் சுருங்கிப் போவார்கள். உனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

சரி, போன ஐப்பசிக்கு வருகிறேன். அதை நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை. இப்போது நான் பேசுகிறேன், நீ கேள்.

அன்றைக்கு ஒரு பஸ் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி, "ஏம்மா, சண்டை நடக்கறப்ப உனக்குப் புள்ளைகுட்டி இருந்துச்சா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் அப்படிச் சொல்லவில்லை. "ஒரு பொண்ணு இருந்தா. பயத்துல எனக்குப் பால் வத்திப்போச்சு. அஞ்சு மாசத்துல போயிட்டா" என்று சொன்னேன். அத்தனை பேரும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். யாருடைய கதை அது, யாருடைய பிள்ளை என்று உனக்குத் தெரியும். அந்தக் கிடங்கில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ வாசலில் இருந்தபடியே சொன்னாய், "அதுக்கு ஆதாரம் இல்லைங்க. இவங்களா சேர்த்துச் சொல்றாங்க."

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, "அடப் பாவமே, நடிப்பா?" என்றாள். எனக்கு அந்தக் குடத்தை உன் தலையில் போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது. உடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். மூன்று வாரம் மியூசியப் பக்கமே வரவில்லை. அப்புறம் நானாகவே வந்தேன், வேறு எங்கே போவேன்? பேசினோம். மழையைப் பற்றிப் பேசினோம், அரிசி கிடைக்காததைப் பற்றிப் பேசினோம். அதைப் பற்றிப் பேசவில்லை. மார்கழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், விடிவதற்குள் போய்விட்டாய். என்ன மனுஷன் நீ? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துபோயிருக்கும்?

நீ போன பிறகு உன் சட்டத்தை நான் காப்பாற்றினேன். எரிச்சலோடு காப்பாற்றினேன், ஆனால் காப்பாற்றினேன். ஈட்டி சுவரில் சாய்ந்து கிடக்கிறது. நான் தனியாக நின்றேன். சுரங்கம் கேட்டவர்களுக்கெல்லாம் "ஆதாரம் இல்லைங்க" என்று உன் குரலிலேயே சொன்னேன்.

சங்கத்து செக்ரட்டரிக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை, உனக்கும் தெரியும். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து கிடங்கைத் தானே பெருக்குகிறவர். ஆனால் கூட்டம் வர வேண்டும் என்கிற ஆசை அவரை ஆட்டிவைக்கிறது. "வரவா அத்தனை பேரும் சுரங்கத்தைத்தானே கேக்கறா? இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். முடியாது என்றேன். போன வாரம் ஒரு போர்டே எழுதிக்கொண்டு வந்துவிட்டார், 'ஸ்ரீரங்கம் சுரங்கப் பாதை' என்று. மூலையில் பூட்டிக் கிடக்கிற குட்டைக் கதவில் அதை மாட்டப்போகிறாராம். பெருக்கு அன்றைக்குக் காவேரிக்கு வருகிற ஜனமெல்லாம் இங்கேயும் வரும், அன்றைக்கு நான் அந்தக் கதவைக் காட்டிச் சுரங்கம் என்று சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் குடத்தை வைத்துவிட்டுப் போகலாம், நாடகத்தில் ராணி வேஷம் கட்டுகிற ஒரு அம்மாள் தயாராக இருக்கிறாள் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "எங்கண்ணன் இந்த இடத்துல ஒரு பொய் சொன்னதில்லைங்க. அவர் தங்கச்சி நானும் சொல்ல மாட்டேன்" என்று கத்தினேன். அண்ணே, எவ்வளவு கர்வமாகச் சொன்னேன் தெரியுமா?

நேற்றுப் பெருக்கு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. மத்தியானத்துக்கு மேல் சித்திரான்னத் தூக்கோடு ஜனம் கிடங்குக்குள் வந்து நிரம்பிவிட்டது. செக்ரட்டரி போர்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது வாட்டசாட்டமான ஒரு ஆள், பெண்டாட்டியோடு உள்ளே வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி. கையில் ஒரு பை அவித்த கடலை.

"இங்க ஈட்டி வெச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பாரே, எங்கம்மா அவரு?"

"இறந்துட்டாருங்க. என் அண்ணன்தான். நீங்க யாரு?"

கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார் அவர். துவாக்குடிப் பக்கத்து விவசாயியாம், பெயர் கருப்பையா. "கார்த்திகைல வந்தேம்மா. அவரு எனக்கு ஸ்ரீரங்கத்துச் சுரங்கத்தைக் காட்டினாரு. கண்ணு தெரிஞ்சதும் வா, கதவைத் திறந்து காட்டறேன்னாரு. அதோ, அந்தக் கதவுதான்."

கிடங்கே திரும்பி அந்தக் குட்டைக் கதவைப் பார்த்தது. செக்ரட்டரி முகத்தில் பௌர்ணமி. "பாத்தேளா? உங்க அண்ணாவே சொல்லியிருக்காரே!"

கார்த்திகை. நான் உன்னோடு பேசாமல் வீட்டில் கிடந்த மூன்று வாரத்தில் ஒரு ஞாயிறு. என் பிள்ளையைச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று ஊரைக் கூட்டி அவமானப்படுத்தினாய். ஒரு மாசம்கூட ஆகவில்லை, முன்பின் தெரியாத ஒருத்தருக்கு இல்லாத சுரங்கத்தைக் காட்டியிருக்கிறாய்! யாருக்காக நான் ஏழு மாசமாக இந்தச் சண்டை போட்டேன்?

ஆணியில் தொங்கின சாவியை எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. கதவைப் படாரென்று திறந்தேன். நாலு துடைப்பம், ஒரு வாளி, ஒரு பினாயில் டின். "பாருங்க, இதான் சுரங்கம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

கருப்பையா சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்குத் தெரியும்மா. அன்னிக்குக் கண்ணுதான் தெரியல, மூக்குக்கு என்ன கேடு? பினாயில் வாசம் ஆளைத் தூக்குச்சே!"

அவர் பெண்டாட்டிதான் மீதியைச் சொன்னாள். "புத்தூர் ஆஸ்பத்திரியில கண்ணுக்குக் கத்தி வெக்கணும்னாங்க. இந்த மனுசன் பயந்துக்கிட்டு ஓடி வந்து இதுக்குள்ள பூந்துட்டாரு. ஒரு மணி நேரம் தேடினேன். உங்கண்ணன் பக்கத்துல உக்கார வெச்சுப் பேசிக்கிட்டு இருந்தாரு. எனக்கும்தான்யா கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது, நீ போய்ப் பண்ணிக்கிட்டு வந்து இந்தச் சுரங்கத்தைப் பாத்துச் சொல்லுன்னாரு. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு இவரும் எந்திரிச்சு வந்துட்டாரு."

"வரேன்னு சொன்னேன்ல, அதான் வந்தேன்" என்றார் கருப்பையா. "இன்னொரு கண்ணு சித்திரையிலதான் முடிஞ்சுது. அதுக்குள்ள போயிட்டாரு பாருங்க." கடலைப் பையை உன் ஈட்டிக்குக் கீழே வைத்தார்.

கூட்டத்தில் சிரிப்பு. செக்ரட்டரி போர்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், பாவம். "கமிட்டி கூடி முடிவு பண்ணுவோம்" என்று முணுமுணுத்தார். குடத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெருக்கப் போய்விட்டார்.

அண்ணே, ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அந்த ஒரு மாசத்தில் உனக்கு என்ன நடந்தது? என்னிடம் அப்படிச் சொன்னது உன்னை உறுத்தியதா? அதனால்தான் அவரிடம் இப்படிச் சொன்னாயா? அல்லது தங்கச்சியென்றால் தாங்கிக்கொள்வாள் என்று நினைத்துவிட்டாயா? கேட்க ஆள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

கிளம்புகிற நேரத்தில் கருப்பையாவின் பெண்டாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐப்பசியில் அந்தப் பெண் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டாள். "சண்டைக் காலத்துல உனக்குப் புள்ளைகுட்டி உண்டாம்மா?"

நான் சேலையைச் சரிசெய்துகொண்டேன். ஊக்கு இல்லாத சேலைதான். "அந்தத் தண்ணி தூக்கின பொம்பளைக்கு உண்டான்னு தெரியாதுங்க. ஆதாரம் இல்லை" என்றேன். "எனக்கு ஒண்ணு இருந்துச்சு. அஞ்சு மாசத்துல போயிட்டா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை வாசலில் இருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. உன் துண்டில் சுற்றி, உறையூரிலிருந்து காவேரிக் கரைவரைக்கும் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தது நீதானே? அதைவிட ஆதாரம் என்ன வேண்டும் உனக்கு?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். கமிட்டி கூடட்டும், கூடாமல் போகட்டும். ராணி வேஷத்து அம்மாள் வந்தால் அவளும் ஒரு பக்கம் நிற்கட்டும். சுரங்கம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்து காட்டுவேன், கருப்பையா கதையையும் சொல்வேன். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், இது சத்தியம். என் மகள் இருந்தாள். அவள் இல்லை என்று இனிமேல் யாரும் சொல்ல விடமாட்டேன், நீயே எழுந்து வந்து ஈட்டியோடு நின்றாலும்.

உன்மேல் கோபம் தீராத,
உன் கடலையில் பாதியைத் தின்றுவிட்ட,
தங்கச்சி
செல்லம்மா