மோந்து பாருங்க ஆன்ட்டி

காலையில் ஆனேக்கல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மழை விட்டதும் வழியிலிருந்த ஓர் ஏரிப் பக்கமிருந்து அந்தப் பழைய நாற்றம் ஜன்னல் வழியே வந்தது. பக்கத்திலிருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கோ நீ வந்து அருகில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. சொன்னால் சிரித்திருப்பாய்.

சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்சி.யில் நம் இருவருக்கும் ஒரே புராஜெக்ட். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால், அபார்ட்மென்ட் மதிலை ஒட்டிய ஏரியின் தண்ணீரைப் பரிசோதிப்பது. நான் தர்மபுரியிலிருந்து புதிதாய் வந்தவள், கன்னடம் தெரியாது. நீ ஆனேக்கல்காரி. செக்யூரிட்டியிடம் கன்னடத்திலும் என்னிடம் தமிழிலும் ஒரே மூச்சில் பேசுவாய். ஒருநாள் முழங்கால் வரை சேற்றில் புதைந்துவிட்டேன். கை கொடுப்பாய் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு நீயும் இறங்கினாய். "தனியா நின்னா அசிங்கம்டி. ரெண்டு பேர் நின்னா ஃபீல்ட் வொர்க்கு."

அப்போதுதான் அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளரம்மா வந்தார். தமிழ்க்காரர்.

"யாரைக் கேட்டு தண்ணி புடிக்கிறீங்க? எங்க மேல கேஸ் போடவா?"

நீ தண்ணீர் பிடித்திருந்த பாட்டிலைத் திறந்து நீட்டினாய்.

"கேஸெல்லாம் இல்ல. ஒரே ஒரு தடவ மோந்து பாருங்க ஆன்ட்டி. உங்க மதிலுக்கு அடியில வர்ற தண்ணி."

முகர்ந்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நாங்க சுத்தம் பண்ணித்தானே விடறோம்?" என்றார்.

"வாங்க, போய்ப் பார்த்துடலாம்."

கட்டடத்தின் அடித்தளத்தில், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் மோட்டார் ஓடாமல் கிடந்தது. அது பழுதானதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்து நீதான் மெதுவாகச் சொன்னாய்: "இப்ப தெரிஞ்சிருச்சுல்ல ஆன்ட்டி, விடுங்க."

மோட்டாரை மாற்றினார்கள். சில வாரம் கழித்து நாம் எடுத்த தண்ணீரில் வாடையே இல்லை. அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, வாயாடி நீ, பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாய்.

வைவா தேர்வுக்கு முன் உனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், "கிராஃபைக் கலர்ல பிரின்ட் எடுடி" என்றுதான் சொன்னாய். "நீயே வந்து எடு" என்றேன். நீ வரவில்லை.

உன் பகுதியையும் நானே பேசினேன். "நான் கண்டறிந்தேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. முடியும்வரை "நாங்கள்" என்றே சொன்னேன். பேராசிரியர்கள் யாரும் திருத்தவில்லை.

இப்போது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்க்கிறேன். ஏரிக்கரையில் யாராவது வந்து, "யாரும்மா டெஸ்ட் பண்றது?" என்று கேட்கிறார்கள்.

"நாங்கதான்" என்கிறேன், தனியாக நின்றுகொண்டு.