பிரஸ் பட்டன் வைத்த சட்டைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பெரியவள் எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால், "எனக்கென்ன கொறச்சல்?" என்பீர்கள். போனிலும் அதைத்தான் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்க உங்களுக்கு மனசு வராது.

வார்டில் இரண்டு நர்ஸ் லீவு. ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க நாலு பேர் வேண்டும். கழுத்தும் முதுகும் ஒரே பலகையாகத் திரும்ப வேண்டும். நாலாவது ஆளுக்குப் பக்கத்து வார்டில் போய்க் கெஞ்சுகிறோம். எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தத் தண்டுவட வார்டு முழுக்க வாலிபப் பையன்கள். பைக்கிலிருந்து விழுந்தவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள். நான் சொன்னதைக் கேட்டுத்தானே தம்பியின் பைக் சாவியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு தூங்கினீர்கள்? இப்போதும் பையன்கள் வருகிறார்கள். ஆனால் பாதிக் கட்டில்களில் உங்கள் வயதுக்காரர்கள். எல்லாரும் வீட்டுக்குள்ளேயே விழுந்தவர்கள். ஈரத் தரை, கடைசிப் படி, செருப்பு வார், இவ்வளவுதான் காரணம். ஜன்னலோரம் இருக்கும் தபால்காரர் நாற்காலியில் ஏறிப் பல்பு மாற்றியிருக்கிறார். எலும்பு ஒன்றுகூட முறியவில்லை. வயதாக ஆகக் கழுத்தில் தண்டுவடம் போகும் வழி குறுகிவிடுகிறது, சின்ன இடி போதும் என்கிறார் டாக்டர். கையைத் தூக்க முடியாத அந்தத் தபால்காரர், மூக்கு அரித்தால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கம்மா" என்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று உங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரர் போன் செய்தார். "உங்கப்பாவுக்கு எளமை திரும்புதும்மா, எல்லாச் சட்டைக்கும் பிரஸ் பட்டன் வச்சுத் தரச் சொல்றாரு" என்று சிரித்தார். நான் விடவில்லை. தோண்டித் துருவிக் கேட்டேன். போன மாதம் குளியலறையில் விழுந்தீர்களாம். அவர்தான் தூக்கினாராம். "பெரியவகிட்ட சொல்லிடாத, ஊரக் கூட்டிடுவா" என்றீர்களாம். அன்றிலிருந்து விரல்கள் மரத்து, பட்டன் போட வரவில்லையாம். சட்டைப் பட்டனை மாற்றத் தெரிந்த உங்களுக்கு, கையைக் காட்ட ஒரு மகள் இருப்பது தெரியவில்லையா? கோபம் கோபமாக வருகிறது, அப்பா. அதைவிடப் பயமாக இருக்கிறது.

இது வயசுக் கோளாறு இல்லை. கோளாறு கழுத்தில் இருக்கிறது. இப்போதே பார்த்தால் ஏதாவது செய்யலாம் என்கிறார் டாக்டர். இன்னொரு தடவை வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் எழுதமாட்டேன்.

கடிதத்தைக் கொண்டுவந்த தம்பி பக்கத்திலேயே நிற்பான். வாசலில் கார் இருக்கிறது. அவன் தரும் கழுத்துப் பட்டையை முகம் சுளிக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். பெட்டி எடுக்கிறேன் என்று பரணில் ஏறாதீர்கள். மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அவனைத் திட்ட வேண்டாம்.

வார்டு வாசலில் காத்திருப்பேன். சக்கர நாற்காலி எதுவும் எடுத்து வைக்கவில்லை. நீங்கள் நடந்தே உள்ளே வரவேண்டும், அப்பா.

உங்கள்
பெரியவள்